புற்றுநோய்ச் சிகிச்சை, செலவு, வீட்டில் சின்னக் குழந்தை: கேள்வி-பதில்

வயது 32, மார்பகப் புற்றுநோய். கீமோவில் ஒரு சைக்கிளுக்கு (ஒரு சுற்று மருந்துக்கு) இவ்வளவு என்று ஆஸ்பத்திரியில் ஒரு தொகை சொன்னார்கள். அதை சைக்கிள் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தச் செலவு தெரிந்துவிடுமா?

தெரியாது. அந்தத் தொகையில் பெரும்பாலும் கீமோ மருந்தும் அன்றைய படுக்கைக் கட்டணமும்தான் இருக்கும். எஸ்டிமேட்டைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: ஒவ்வொரு சைக்கிளுக்கும் முன்னால் எடுக்கும் ரத்தப் பரிசோதனை, வாந்தியை அடக்கும் மருந்து, போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தும் சிறு கருவி) வைக்கவும் எடுக்கவும் ஆகும் செலவு, வெள்ளை அணுக்களைக் கூட்டும் ஊசி, எக்கோ (இதய ஸ்கேன்), நடுவில் ஒரு ஸ்கேன், பிறகு ஆபரேஷன், ரேடியேஷன்.

எஸ்டிமேட்டில் வராத செலவு ஒன்று உண்டு: காய்ச்சல். கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கிவிடும். அந்த நாட்களில் 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டாலே, நடு ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருந்தால், காய்ச்சல் தணிந்ததுபோல் தெரியும்; உள்ளே தொற்று ரத்தத்தில் பரவிக்கொண்டிருக்கும். பணத்தை நினைத்துத் தயங்கி வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் எங்களுக்குப் பெரிய பயம். ஒரு அட்மிஷனுக்கான பணத்தை முதல் சைக்கிளுக்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

மார்பகப் புற்றுநோய், ஹெர்2 பாசிட்டிவ் (புற்றணுக்களில் ஹெர்2 புரதம் அதிகம்). அந்தப் புரதத்தைத் தடுக்கும் டிராஸ்டுஜுமாப் ஊசி எழுதியிருக்கிறார்கள். விலை குறைந்த பயோசிமிலர் (மூல மருந்தைப் போலவே வேறு கம்பெனி செய்யும் மருந்து) போட்டால் பலன் குறையுமா?

முறையாக ஒப்புதல் பெற்றதென்றால் குறையாது. மூல மருந்தோடு ஒப்பிட்டு, பலனிலும் பாதுகாப்பிலும் பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை என்று நிரூபித்த பிறகே ஒப்புதல் கிடைக்கும். டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

குப்பிக் கணக்கையும் பாருங்கள். 60 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 6 மி.கி. வீதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 360 மி.கி. தேவை. 440 மி.கி. குப்பியைத் திறந்தால் 80 மி.கி. மிஞ்சும். கூடவே வரும், கிருமி வளராமல் தடுக்கும் பொருள் கலந்த நீரில் கரைத்திருந்தால், 2 முதல் 8 டிகிரி குளிரில் 28 நாள் வரை வைத்திருந்து அடுத்த டோஸுக்கு எடுக்கலாம். ஆஸ்பத்திரி பார்மசியில்தான் இதைச் செய்ய வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 150 மி.கி. குப்பிக்கு இது பொருந்தாது.

எனக்கு சி.எம்.எல். (ஒருவகை ரத்தப் புற்றுநோய்). கட்டுப்படியாகாததால் இமாடினிப் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

இன்றே சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கினால் எஞ்சிய புற்றணுக்கள் பெருகும்; மருந்துக்கு அடங்காத அணுக்களும் தலையெடுக்கும். பிறகு இதைவிட விலை கூடிய மாத்திரைக்கு மாற வேண்டிவரும். விஷயம் தெரியாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டரே அதை மாற்றிவிடுவார். இமாடினிப்புக்கு ஜெனரிக் (அதே மருந்து, வேறு கம்பெனி, குறைந்த விலை) இருக்கிறது. மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டத்துக்கு டாக்டர் கடிதம் தேவைப்படும். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைப் பிடித்தால் எந்த விண்ணப்பம், யார் கையெழுத்து என்று சொல்வார்.

இரண்டாவது டாக்டரிடம் காட்டினால் பயாப்ஸியை மறுபடியும் எடுக்கச் சொல்வார்களா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. பழைய லேபில் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த உங்கள் திசு) ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். ஸ்கேனுக்கு அறிக்கை மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியும் வேண்டும்.

கீமோ முடிந்து வந்ததும் 2 வயது மகளைத் தூக்கலாமா?

தாராளமாகத் தூக்குங்கள், முத்தம் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குச் சிறுநீர், மலம், வாந்தியில்தான் கவனம் வேண்டும்: கழிப்பறை மூடியை மூடி இரண்டு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள்; அழுக்குத் துணியைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகத் துவையுங்கள். தாய்ப்பால் மட்டும் கூடாது. ஆபத்து குழந்தையிடமிருந்து உங்களுக்கு வருவதுதான் அதிகம். சளி, காய்ச்சல் இருக்கும்போது வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். வாய்வழி போலியோ சொட்டில் உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி இருப்பதால், மகளுக்கு அதற்குப் பதில் ஊசி போட முடியுமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

வெளியிலிருந்து கொடுக்கும் ரேடியேஷன் உடம்பில் தங்காது. தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் அப்படியல்ல. சில நாள் குழந்தையைவிட்டுத் தள்ளியிருக்க வேண்டும். எத்தனை நாள் என்பதை டோஸைப் பார்த்துச் சொல்வார்கள். அந்த நாட்களுக்குக் குழந்தையை யார் பார்ப்பது என்று மருந்து எடுக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

5 வயது மகனிடம் என்ன சொல்ல?

நோயின் பெயரையே சொல்லுங்கள். "வயிறு சரியில்லை" என்றால், தனக்கு வயிறு வலிக்கும்போதெல்லாம் பயப்படுவான். மூன்று விஷயம் அவன் காதில் விழ வேண்டும்: இது அவன் செய்த எதனாலும் வரவில்லை, தொட்டால் ஒட்டாது, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளில் அவனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப்போவது யார்.