சென் பொனிஃபாஸும் ஒரு தண்டச் சீட்டும்

அன்புள்ள ஐயா,
என் மகள் கனடாவில் வின்னிபெக் நகரில் படிக்கிறாள். அங்கே சென் பொனிஃபாஸ் என்ற பகுதியில் தெருப் பெயர்கள்கூடப் பிரெஞ்சில் இருக்கின்றனவாம். முன்பு தனி ஊராம், பிறகு நகரத்தோடு சேர்த்துவிட்டார்களாம். பெரிய நகரத்துக்குள் போன ஊர் மொழியை எப்படிக் காப்பாற்றியது? கொழும்பு வெள்ளவத்தையில் இத்தனை தமிழர் இருந்தும், சென்ற மாதம் ஓர் அரச அலுவலகத்தில் எனக்குச் சிங்களப் படிவம் மட்டுமே தந்தார்கள்.

அன்புள்ள அம்மா,

ஊர் இணைக்கப்பட்டது 1972 இல். ஆனால் அந்த மொழிக்குப் பெரிய அடி விழுந்தது அதற்கு நெடுங்காலம் முன்பே. ரெட் ஆற்றின் கிழக்குக் கரையில் 1818 இல் கத்தோலிக்க மிஷன் ஒன்று தொடங்கியது. இன்றைய சென் பொனிஃபாஸ் பல்கலைக்கழகம் தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. 1870 இல், வின்னிபெக் அடங்கிய மனிற்றோபா மாகாணம் உருவானபோது சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் ஆங்கிலம், பிரெஞ்சு இரு மொழிகளுக்கும் இடம் இருந்தது. 1890 இல் மாகாணம் ஒரு சட்டம் போட்டுப் பிரெஞ்சைத் தூக்கி எறிந்தது. 1916 இல் இருமொழிப் பள்ளிகளையும் ஒழித்தது. பள்ளிப் பரிசோதகர் வரும்போது பிரெஞ்சுப் புத்தகங்களை ஒளித்துவைத்த ஆசிரியர்களும், கல்லூரியும் தேவாலயமும்தான் அந்த இருண்ட காலத்தைத் தாங்கினார்கள்.

இணைப்புச் சட்டத்தில் அந்தப் பகுதிக்கென்று பிரெஞ்சுச் சேவைக்கான வாசகங்கள் இருந்தன. ஆனாலும் 1976 இல் ஜோர்ஜ் ஃபோறே என்பவருக்கு, வாகனத்தை நிறுத்தியதற்கான தண்டச் சீட்டு ஆங்கிலத்தில் மட்டுமே கிடைத்தது. அவர் பணத்தைக் கட்டிவிட்டுப் போகவில்லை, வழக்காடினார். 1979 டிசம்பரில் கனடாவின் உயர் நீதிமன்றம் 1890 ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றது. 1985 இல், ஆங்கிலத்தில் மட்டும் இயற்றிய மாகாணச் சட்டங்கள் எல்லாமே செல்லாதவை, மொழிபெயர்க்கும் வரைதான் தற்காலிகமாகச் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு தண்டச் சீட்டில் தொடங்கிய வழக்கு இதற்கெல்லாம் வழி திறந்தது!

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோடீஸ்வரனின் நினைவு வரும். அவர் இலங்கையில் ஓர் அரச எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சி இல்லை என்று 1962 இல் அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமே, ஒரு சமூகத்துக்குப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1967 இல் நமது உயர் நீதிமன்றம், சம்பளத்துக்காக அரச ஊழியர் முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்காட முடியாது என்று கூறி, மொழிக் கேள்வியைத் தொடாமலே விட்டது. 1969 இல், அன்று நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் அதை மறுத்து, மொழிக் கேள்வியை விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவேயில்லை. 1972 இல் புதிய அரசியலமைப்பு வந்தது, 29 ஆம் பிரிவு போயிற்று. சென் பொனிஃபாஸ் நகரத்தோடு இணைந்த அதே ஆண்டு, அம்மா. ஃபோறேக்கு மூன்றே ஆண்டுகளில் விடை கிடைத்தது. கோடீஸ்வரனின் கேள்விக்குக் கடைசி வரை எந்த நீதிமன்றமும் முடிவான விடை சொல்லவில்லை. அந்த அநீதியை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

ஆகவே ஊர் கரைந்ததா இல்லையா என்பதைவிட, சாதாரண மனிதர் ஒருவர் கையில் ஒரு தாளோடு போய்க் கேட்டால் நாடு பதில் சொல்கிறதா என்றே நான் பார்க்கிறேன். இன்று நம்மிடம் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வெள்ளவத்தை அடங்கிய திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவு, இருமொழி நிர்வாகப் பிரிவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு 1991 முதல் தனிச் சட்டம் உண்டு.

எந்த அலுவலகம் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் திரும்பவும் போய்த் தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லை என்றால், திகதியையும் அலுவலகத்தின் பெயரையும் குறித்து அந்த ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள். படிவத்தின் பிரதி ஒன்றையும் இணையுங்கள்.