தொற்றுநோய் மருத்துவம் படித்தால் எதிர்காலம் உண்டா? துறைத் தலைவருக்கு என்னதான் வேலை?

தொற்றுநோய் மருத்துவத்தில் டி.எம். (எம்.டி.க்குப் பிறகு படிக்கிற உயர்சிறப்புப் படிப்பு) முடித்தால் பிழைக்க முடியுமா, மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறைக்குத் தலைவராக இருப்பவர் நாள் முழுக்க என்ன செய்வார் என்று கேட்டிருக்கிறீர்கள். டெல்டாவில் ஒரு கல்லூரியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. எம்.பி.பி.எஸ். 5½ வருடம், எம்.டி. பொது மருத்துவம் 3, நீட் எஸ்.எஸ். என்கிற நுழைவுத் தேர்வு எழுதி டி.எம். இன்னும் 3. நடுவில் ஒரு வருடம்கூட வீணாகாவிட்டாலும் 11½ வருடம். அவ்வளவும் படித்துவிட்டு ஊருக்கு வந்தால் "எதைப் பார்க்கிற டாக்டரு?" என்பார்கள். இதயம், சிறுநீரகம் என்று தொட்டுக் காட்ட நமக்கு உறுப்பு எதுவும் கிடையாது. என் அத்தை இன்றுவரை என்னைக் காய்ச்சல் டாக்டர் என்றுதான் சொல்கிறார், அதுவும் சரிதான்.

வேலை எப்படி என்று கேட்டால், ஒரு ஆளை வைத்துத்தான் சொல்ல வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், ஐம்பது தாண்டிய ஒருவர் எங்கள் வார்டில் படுத்திருந்தார். இரண்டு மாதமாகக் காய்ச்சல், சர்க்கரை முந்நூறுக்கு மேல். எக்ஸ்ரேயில் நிழல் இருந்ததால், சளியில் கிருமி தெரியாதபோதும் டி.பி. மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேனில் மண்ணீரலில் சின்னச் சின்ன சீழ்க்கட்டிகள். என்ன வேலை பார்க்கிறீர்கள் ஐயா என்றேன். "விவசாயக் கூலிம்மா" என்றார், கேஸ் ஷீட்டிலும் அதுதான் இருந்தது. விவசாயத்தில் என்ன வேலை என்று விடாமல் கேட்டதும், "அண்டை வெட்டுனேன் டாக்டரம்மா, மம்பட்டி கால்ல பட்டுடுச்சு, அதோடயே நடவு முடியிற வரைக்கும் சேத்துல நின்னேன்" என்றார்.

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய், அதன் கிருமி ஈர வயல் மண்ணிலேயே குடியிருப்பது, காலில் புண்ணும் உடம்பில் சர்க்கரையும் இருந்தால் அதற்கு வசதி. நுரையீரலில் வந்தால் அச்சு அசலாக டி.பி. மாதிரியே இருக்கும். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் முடிவில் "சூடோமோனாஸ் வகை, வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம்" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். மாடி இறங்கி லேபுக்குப் போனால் கிருமி வளர்த்த அந்தப் பிளேட் கழிவுப் பைக்குப் போயிருந்தது. டெக்னீஷியன் முகத்தைச் சுளித்துக்கொண்டே தேடி எடுத்துக் கொடுத்தார். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கப் பிளேட்டில் வைத்த ஜென்டாமைசின் வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்திருக்கிறது, கோலிஸ்டினையும் மதிக்கவில்லை, ஆனால் சாதாரண ஆக்மென்டினைச் சுற்றி மட்டும் பழைய எட்டணா அளவுக்குக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம். வழக்கமான சூடோமோனாஸ் இதற்கு நேர் எதிர். (மூடியைத் திறக்காமல்தான் பார்த்தோம். இந்தக் கிருமியை முகர்ந்து பார்க்கிற பழக்கம் ஆகாது.)

பெரிய லேபுக்கு அனுப்பி உறுதி செய்துகொண்டு செஃப்டாசிடிம் ஊசி போட்டோம். ஒரு வாரம் ஆகியும் காய்ச்சல் விடவில்லை. மருந்தை மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று ஆளாளுக்கு நச்சரித்தார்கள். இந்த நோயில் காய்ச்சல் மெதுவாகத்தான் இறங்கும், அதனால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன், எங்கள் வேலையில் பாதி அதுதான். பத்தாம் நாள் இறங்கியது. அப்புறம் மூன்று மாதத்துக்கு மேல் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. வீட்டுக்குக் கிளம்பும்போது, இனிமேல் பூட்ஸ் போட்டுக்கொண்டு வயலில் இறங்குங்கள் என்றேன். "சேத்துல பூட்ஸோட இறங்குனா கால்தாம்மா வெளிய வரும், பூட்ஸ் வராது" என்றார். புண் ஆறும்வரையாவது சேற்றில் இறங்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன், கூலி வேலைக்குப் போகிறவரிடம் அதைச் சொல்வதும் சுலபமில்லை.

சரி, தலைவர் வேலை. ஒரு நோயாளியை நான் கண்டுபிடித்தது பெரிதில்லை, நான் லீவில் இருக்கும்போது அடுத்த நோயாளி கண்ணில் படாமல் போய்விடக் கூடாது. அதனால் எங்கள் துறையில் கேஸ் ஷீட்டில் வெறுமனே "விவசாயி" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நாற்றுப் பறிப்பா, வாய்க்கால் தூர் வாருவதா, ஆடு மேய்ப்பதா? தண்ணீரில் நிற்கிறவருக்கு எலிக்காய்ச்சல், புதர்ப் பக்கம் போகிறவருக்குப் பூச்சிக் கடியால் வருகிற ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் என்று நினைப்பே வேறு திசைக்குப் போகும். பி.ஜி. பிள்ளைகள் முதல் மாதம் என்னைத் திட்டிக்கொண்டுதான் எழுதுவார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தீசிஸ் தலைப்புக் கொடுப்பதையும் சும்மா நினைக்காதீர்கள். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், எச்.ஐ.வி. இங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மாணவி நிர்மலாவுக்குத் தலைப்புக் கொடுத்தார். "நம் நாட்டிலாவது, அந்த நோயாவது" என்று பலர் இருந்த காலம். ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது இருக்கிறது என்று தெரிந்தது. அதே வேலூரின் ஜார்ஜ் வர்கீஸ் குழு, கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று 2023இல் காட்டியது. இரண்டுமே பழைய மருந்து, விலை குறைந்தது. நம் ஊர் நோயை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

காசு? இதய டாக்டரோடு ஒப்பிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பு நான் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில், உங்கள் துறையால் மாதம் எவ்வளவு வரவு என்று மீட்டிங்கில் கேட்டார்கள். தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி பில்லைக் குறைக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது! கொரோனாவுக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது, எங்களைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். டெல்டாவிலேயே இருப்பேன் என்றால் வேலை குவிந்து கிடக்கும், சம்பளம் நிதானமாக ஏறும்.

போன வருடம் அடைமழையில் ஒரு ராத்திரி பத்து மணிக்கு போன். அன்று முகத்தைச் சுளித்த அதே டெக்னீஷியன். "மேடம், ஜென்டாவுக்கு மசியல, ஆக்மென்டினுக்கு வட்டம் நல்லா இருக்கு. வார்டுல கேட்டுட்டேன், சர்க்கரை இருக்காம், நடவு வேலையாம். பிளேட்டத் தூக்கிப் போடல, தனியா வச்சிருக்கேன், காலைல வந்து பாருங்க."