மரத்தடிக்கு நோட்டுக் கட்டு எதற்கு?

அன்புள்ள ஐயா,

மரங்களுக்கு நடுவே இருந்தால் மன அழுத்தம் குறையும் என்று எழுதியிருந்தீர்கள். நான் அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒரு மாதமாக மதிய இடைவேளையில் பள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் நோட்டுத் திருத்துகிறேன். தலைபாரமும் எரிச்சலும் அப்படியே இருக்கின்றன. எங்கே தப்பு?

ஓர் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

நோட்டுக் கட்டுதான் தப்பு. வகுப்பில் உங்கள் கை கரும்பலகையில் இருக்கும்போதே காது கடைசி பெஞ்சில் இருக்கிறது. இப்படி வலிந்து பிடித்து வைக்கும் கவனம் களைத்துப்போகும். எரிச்சல் அந்தக் களைப்பின் அடையாளங்களில் ஒன்று. ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1989-இல் இதை விரிவாக எழுதினார்கள். இலையசைவும் மேகமும் நம் முயற்சி இல்லாமலே கவனத்தை இழுப்பதால் களைத்த பகுதிக்கு ஓய்வு கிடைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். சிவப்பு மைப் பேனா கையில் இருக்கும்வரை அது நடக்காது.

2019-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 36 பேரை 8 வாரம், வாரத்துக்கு மூன்று முறையாவது வெளியில் இருக்கச் சொல்லி, எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். 20 முதல் 30 நிமிடம் இருந்தபோது அது வேகமாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் போட்ட நிபந்தனைகளைக் கவனியுங்கள்: கைபேசி, பேச்சு, படிப்பு, கடும் உடற்பயிற்சி எதுவும் கூடாது.

ஆகவே மதியத்தை விடுங்கள். வெயிலும் இருக்கும், பிள்ளைகளும் வருவார்கள். கடைசி மணி அடித்து மைதானம் காலியானதும் 20 நிமிடம் உட்காருங்கள். கைபேசி ஆசிரியர் அறையிலேயே இருக்கட்டும், கைக்கடிகாரம் போதும். கட்டடத்துக்கு முதுகு காட்டி உட்காருங்கள். வகுப்பறை கண்ணில் பட்டால் மனம் அங்கேயே ஓடும். உட்காரும் இடத்தில் கட்டெறும்புப் புற்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் மோசமாகத்தான் இருக்கும். யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை, நாளைக்கு என்ன தேர்வு என்று எல்லாம் வரிசையாக வரும். பலரும் இந்த இடத்தில்தான் "இது நமக்கு ஒத்துவராது" என்று எழுந்துவிடுகிறார்கள். எழாதீர்கள். மூக்கால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். பத்து முறை போதும். மூச்சை அடக்க வேண்டாம், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். பிறகு கண்ணுக்கு ஒன்றைக் கொடுங்கள். வேம்பின் பட்டை வெடிப்பில் எறும்புகள் சாரையாக ஏறும், இறங்கும். எதிரெதிரே வரும் இரண்டு, நின்று உணர்கொம்பால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போகும். அதைப் பாருங்கள். எண்ணாதீர்கள், கணக்கு ஆசிரியைக்கு எண்ணத்தான் தோன்றும்.

பேசாமல் இருப்பது தொண்டைக்கும் நல்லது. சக ஆசிரியை கூட வந்தால் வரட்டும், ஆனால் பேசுவது மரத்தடியை விட்டு எழுந்த பிறகுதான். பள்ளிப் புகார்களைப் பேசத் தொடங்கினால் ஆசிரியர் அறையை மரத்தடிக்குத் தூக்கி வந்த மாதிரி ஆகிவிடும். விடுமுறை நாளில் கண்மாய்க் கரை இன்னும் நல்லது.

வேலைச்சுமையை மரம் குறைக்காது, அதை நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, காரணமின்றி அழுகை வருகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கட்டணமில்லாமல் பேசலாம். நோட்டுகளை அறையிலேயே திருத்துங்கள், மரம் தெரியும் ஜன்னலோரமாக மேசையைப் போட்டுக்கொண்டு.