மங்கலான கோல்ஷைப் போட்டிக்கு அனுப்பலாமா?

நீங்கள் காய்ச்சிய கோல்ஷ் (ஜெர்மனியின் கொலோன் நகரத்து வெளிர்நிற பியர்), குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் மங்கலாக இருக்கிறது, போட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள்.

பியர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பான பிஜேசிபியின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. அதில் தோற்றத்துக்கு 3 தான்; நிறம், தெளிவு, நுரை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். சுவைக்கு 20, மணத்துக்கு 12. ஆனாலும் கோல்ஷ் பளிச்சென்று தெளிந்திருக்க வேண்டிய வகை. ஹெஃபவைசன் என்ற கோதுமை பியருக்குக் கலங்கல்தான் அழகு, இதற்கு அப்படியில்லை. ஒரு மதிப்பெண் போகலாம்.

அனுப்புவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குளிர் விடட்டும். பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்து மெல்ல மெல்லத் தெரிய வருகிறதா? அப்படியானால் அது குளிரில் புரதமும் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் ஒட்டிக்கொள்வதால் வரும் மங்கல். சுவை கெடாது. பாட்டில்களை இரண்டு வாரம் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும்.

குளிர் விட்டும் தெளியவில்லை, குடித்தால் புளிப்பும் தட்டுகிறது என்றால் கிருமி புகுந்திருக்கலாம். அதை மட்டும் அனுப்பாதீர்கள். மங்கலுக்காக இல்லை, புளிப்புக்காக.