ஜெர்மனியில் வீட்டிலேயே முடி வெட்டலாமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதானே: ஸ்டுட்கார்ட் வந்து சில மாதம்தான் ஆகிறது, கணவர், ஆறு வயதுப் பையன், நீங்கள் என்று மூன்று பேர் சலூன் செலவைக் கூட்டினால் மலைப்பாக இருக்கிறது, மெஷின் வாங்கி வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாமா? பழனியில் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்ட சின்னவளின் முன்முடி கண்ணில் விழுகிறதே, அதை என்ன செய்வது?

தாராளமாக வெட்டலாம். ஆனால் எல்லோரும் தொடங்கும் இடத்தில் தொடங்காதீர்கள். ஆண்கள் தலைக்கு மெஷின் இருக்கிறது, அதனால் அது சுலபம், பெண்களின் நீளமுடிதான் கஷ்டம் என்று தோன்றும். உண்மையில் தலைகீழ். இடுப்பு வரை தொங்கும் முடியில் அரை சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் யார் கண்ணுக்கும் தெரியாது, பின்னிவிட்டால் உங்களுக்கே தெரியாது. காதோரம் 3 மில்லிமீட்டர் பிசகினால் எதிர் பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்கும் தெரியும்.

காசுக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. இங்கே பெரும்பாலான சலூன்களில் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை. நுனியில் இரண்டு விரல் அளவு எடுத்தால் போதும் என்று போனாலும் பெண்கள் கட்டணம்தான். அலசி, காயவைத்து, சீவிவிட்டு 50 யூரோவுக்கு மேல் கேட்பது சாதாரணம். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். எனவே முதலில் உங்கள் நுனியைக் கணவர் வெட்டட்டும்.

தலைக்குக் குளித்து, எண்ணெயே இல்லாமல், சிக்கெடுத்துக்கொள்ளுங்கள். ஈரமுடி இழுத்தால் நீளும், காய்ந்ததும் சுருங்கும். அதனால் சொட்டச் சொட்ட வைத்து வெட்ட வேண்டாம், லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். சுருட்டை முடி என்றால் தண்ணீரே வேண்டாம், காய்ந்த நிலையிலேயே வெட்டுவது உத்தமம். நேராக நின்று எதிர்ச் சுவரைப் பாருங்கள்; குனிந்தால் கோடு கோணிவிடும். கணவர் உங்கள் முதுகுப் பக்கம் நடுவில் ஒரு கற்றையைச் சீவி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, விரலுக்குக் கீழே வெட்டட்டும். அந்த நடுக்கற்றைதான் அளவு. இடமும் வலமும் அதற்குச் சமமாக வர வேண்டும். ஸ்டெப் கட், லேயர் என்று வீடியோ பார்த்து இறங்காதீர்கள், நேர்கோடு போதும்.

கத்தரிக்கோல் மட்டும் முடிக்கென்றே தனியாக இருக்கட்டும். டிஎம், ரோஸ்மன் போன்ற சோப்பு, ஷாம்பு விற்கும் கடைகளில் சாதாரண முடிக்கத்தரி கிடைக்கும். கூடக் கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால் கத்திக்கும் கத்தரிக்கும் பேர்போன ஸோலிங்கன் ஊரின் பெயர் பொறித்தது வாங்கலாம். அந்த ஊர்ப் பெயரைக் கத்தி, கத்தரியில் போட இங்கே சட்டக் கட்டுப்பாடே உண்டு. எதை வாங்கினாலும் அதில் காகிதமும் பால் பாக்கெட்டும் வெட்டினால் முனை மழுங்கி, அடுத்த தடவை முடியைக் கடித்து இழுக்கும். ஒளித்து வையுங்கள்.

இனி மெஷின். ஊரில் "நாலாம் நம்பர் போடுங்க" என்று சொல்லிப் பழகியிருப்பார்கள். இங்கே வாங்கும் மெஷினில் பெரும்பாலும் மில்லிமீட்டர்தான் அச்சிட்டிருக்கும். ஒரு நம்பருக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலாம் நம்பர் 12 பக்கம் வரும். முதல் முறை தலை முழுக்க 15 அல்லது 18 வைத்து ஓட்டுங்கள், முடி வளர்ந்திருக்கும் திசைக்கு எதிராக. அது சரியாக வந்த பிறகு பக்கவாட்டிலும் பிடரியிலும் மட்டும் 12, அதற்கும் கீழே 9. காதுக்கு மேலே தலை வளையத் தொடங்கும் இடத்தில் மெஷினைத் தலையோடு ஒட்டியே மேலே கொண்டுபோகாமல், வெளிப்பக்கமாக விலக்கி எடுங்கள். அந்த ஒரு அசைவு பழகினால் சட்டி கவிழ்த்த மாதிரி ஒரு கோடு விழாது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும், ஆகவே சின்னப் பிசகு பத்து நாளில் மறையும். மெஷின் முனையில் மாட்டும் அளவுச் சீப்பு சரியாக மாட்டாமல் கழன்று விழுந்தால் வரும் வழுக்கைத் திட்டு அவ்வளவு சீக்கிரம் மறையாது. ஒவ்வொரு முறையும் 'டிக்' சத்தம் கேட்டதா என்று பார்த்துவிட்டுத் தலையில் வையுங்கள்.

உச்சியில் சுழி இருக்கும் இடம் தனி. அங்கே முடி எல்லாத் திசையிலும் கிளம்பும், குட்டையாக வெட்டினால் குத்திட்டு நிற்கும். அந்த இடத்தில் பெரிய சீப்பையே வைத்து, நாலு பக்கத்திலிருந்தும் ஓட்டுங்கள். பையனுக்கு ரெட்டைச் சுழி என்றால் அதை மெஷினால் தொடாமல் விடுவதே நல்லது. ரெண்டு பொண்டாட்டி விஷயத்தை மாமியாரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

பிடரியில் முடி இயற்கையாக எங்கே முடிகிறதோ அங்கேதான் கோடு. கொஞ்சம் ஏற்றலாம், இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்று போனால் அது நிற்காது. கிருதாவைச் சமப்படுத்தக் காதுகளை நம்பாதீர்கள், பலருக்கு ஒரு காது மேலே இருக்கும். முன்னால் நின்று கண்ணை வைத்து அளவு பாருங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் எண்ணெய். எண்ணெய் வைத்த தலையில் மெஷின் ஓட்டினால் முடி பிளேடுக்குள் அப்பிக்கொண்டு வெட்டாமல் பிடுங்கும். பிளேடுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று தேங்காய் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், நம் வீட்டில் முக்கால்வாசி நாள் உறைந்துதான் இருக்கும். மெஷினோடு வரும் குப்பியிலிருந்து ஓரிரு துளி போதும்.

பையனைக் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார வையுங்கள். போர்த்தப் பருத்தித் துண்டு வேண்டாம், முடி அதில் குத்திக்கொண்டு மறுநாள் வரை அரிக்கும். வழுவழுப்பான நைலான் துணி, அல்லது பழைய மழைக்கோட்டைத் திருப்பிப் போட்டாலும் ஆகும். கார்ட்டூன் போட்டுத் தருவீர்கள், தெரியும். பிடரி வெட்டும்போது போன் மடியில் இருக்கலாம், முன்பக்கம் வரும்போது கண் மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். வெட்டிய முடியைப் பெருக்கி ரெஸ்ட்முல் (மறுசுழற்சிக்குப் போகாத குப்பை) தொட்டியில் போட்டுவிட்டு, அதன்பிறகே தண்ணீர் திறக்கவும். வாடகை வீட்டில் குழாய் அடைத்து ஆள் கூப்பிட்டால் மிச்சம் பிடித்த சலூன் காசெல்லாம் அதில் போய்விடும்.

நாள் பார்ப்பவர்களா? ஊரில் பல சலூன்கள் செவ்வாயில் பூட்டியிருக்கும், இங்கே பல கடைகளுக்குத் திங்கள்தான் விடுமுறை. செவ்வாய், வெள்ளி, அமாவாசை தள்ளி, நம்மில் பலர் ஞாயிறு காலையில் வைத்துக்கொள்கிறோம். பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டியிடம் சொன்னால் சிரிப்பார் என்று நினைக்காதீர்கள். நிலா சிம்ம ராசியில் இருக்கும் நாளில் வெட்டினால் முடி அடர்த்தியாகும் என்று சொல்லும் நிலாக் காலண்டர்கள் இங்கேயும் விற்கின்றன.

சின்னவளின் முன்முடிக்குக் கத்தரி எடுக்காதீர்கள் என்பேன். மொட்டைக்கு முன் வெட்டலாமா கூடாதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஊரில் ஒரு வார்த்தை கேட்காமல் நீங்களே முடிவெடுத்தால் அந்தப் பேச்சு முடியை விட நீளும். அதுவரை உச்சியில் மெல்லிய ரப்பர் பேண்டு போட்டுக் குட்டிக் குடுமி கட்டுங்கள். கீட்டாவில் (மழலையர் காப்பகத்தில்) யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

கை பழகிய பிறகு தெரிந்தவர்கள் வந்து தலையை நீட்டுவார்கள். 2020 டிசம்பர் 16 முதல் 2021 மார்ச் 1 வரை சலூன்கள் அடைத்துக் கிடந்தபோது நம்மில் எத்தனையோ வீடுகளில் மெஷின் நுழைந்தது அப்படித்தான். நட்புக்குச் சும்மா வெட்டிவிடுவதில் தவறில்லை. காசு வாங்கித் தொடர்ந்து செய்தால் அது வேறு கதை. இங்கே முடிதிருத்துவது மூன்று வருடத் தொழிற்பயிற்சி, சொந்தமாகத் தொழில் நடத்தப் பொதுவாக மைஸ்டர் எனும் மேல்நிலைத் தொழில் தகுதி வேண்டும். விசாவில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கணவர் ஃபேட் கட் (பக்கவாட்டில் கீழிருந்து மேலே படிப்படியாக அடர்த்தி கூடும் வெட்டு) கேட்டால் மட்டும் கடைக்கு அனுப்பிவிடுங்கள், அது வீட்டு மெஷினில் வருவதில்லை. துருக்கி, சிரியாக்காரர்கள் நடத்தும் பார்பர் கடைகள் பலவற்றில் டெர்மின் (முன்பதிவு) இல்லாமலே போகலாம், விலையும் பெரும்பாலும் வழக்கமான சலூனைவிடக் குறைவு. அட்டை வாங்காத கடைகள் நிறைய, கையில் ரொக்கம் இருக்கட்டும்.