அப்பத்தா சாமி அறையில் அன்னை

வணக்கம் ஐயா. எங்கள் வீட்டுச் சாமி அறையில் முருகனுக்குப் பக்கத்தில் புதுச்சேரி அன்னையின் படம் இருக்கிறது. அப்பத்தா வைத்தது. பாரிஸில் பிறந்து, இரண்டு முறை மணமாகி, ஒரு மகனையும் பெற்றவர். ஆசனம், பிராணாயாமம் எதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. அப்புறம் எப்படி ஒரு யோக ஆசிரமத்துக்குத் தலைவியானார்? கேட்டால், "கும்பிட்டுக்கடி, கேள்வி கேக்காதே" என்கிறார் அப்பத்தா.
– ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

கும்பிடுவது உங்கள் விருப்பம். கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

அன்னையின் இயற்பெயர் மிர்ரா அல்ஃபாஸா. 1878-இல் பிறந்தவர், ஓவியம் படித்தவர். 1914-இல் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் பார்த்தார். போர் வந்ததால் திரும்பிப் போய், நாலு வருஷம் ஜப்பானில் இருந்துவிட்டு, 1920-இல் மறுபடி வந்தவர் பிறகு போகவே இல்லை. 1926 நவம்பரில் அரவிந்தர் தனிமைக்குப் போனபோது ஆசிரமப் பொறுப்பு முழுவதும் இவர் கைக்கு வந்தது. எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். சீடர்களிலேயே சிலருக்கு அது தொண்டையில் முள். அரவிந்தர் உள்ளே இருந்தபடி கடிதம் கடிதமாக எழுதி விளங்கவைக்க வேண்டியிருந்தது.

ஆசனம் பற்றிக் கேட்டீர்கள். அவர்களுடைய யோகத்தில் இன்ன ஆசனம் என்ற விதி கிடையாது. செய்கிற வேலைதான் சாதனை, அதாவது யோகப் பயிற்சி. சமையல், சலவை, தச்சுப் பட்டறை, தோட்டம், கணக்கு எல்லாம் அன்னையின் கண்பார்வையில் நடந்தன. 1943-இல் பள்ளிக்கூடம் தொடங்கினார். பெண்பிள்ளைகளையும் அரைக்கால் சட்டையில் மைதானத்தில் இறக்கினார். எழுபது வயதிலும் தானே டென்னிஸ் ஆடினார். நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் ஆம்பளைகள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டு விற்கப் போய்விட, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வளவு முழுவதையும் ஆண்ட ஆச்சிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு இவரைப் புரிந்துகொள்ள அது போதுமாக இருந்தது. அற்புதக் கதைகளை மட்டும் சொல்லும் பக்தர்களிடம் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. இந்த நிர்வாகியை அவர்கள் பார்ப்பதே இல்லை.

ஒரு சங்கதி சொல்கிறேன். 1930-களின் பிற்பகுதியில் ஆசிரமத்துக்காக கோல்கொண்டே என்ற விடுதியைக் கட்டத் தொடங்கினார்கள். ஐதராபாத் பக்கத்திலிருந்து வந்த பணம், அதனால் அங்குள்ள கோல்கொண்டாவின் பெயர். வடிவமைத்தவர் டோக்கியோவில் தொழில் செய்துகொண்டிருந்த அன்டோனின் ரேமண்ட். சிமெண்ட் கான்கிரீட் கட்டடம்தான், ஆனால் ஜன்னல் கண்ணாடி கிடையாது. சுவர் நெடுகத் திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள், தேக்கில் நகரும் கதவுகள், கடப்பைக்கல் தரை. வெயில் உள்ளே வராது, காற்று வரும். நம் வீடுகளில் வளவுவாசல் என்கிற திறந்த முற்றம் செய்கிற வேலையை அங்கே அந்தப் பலகைகள் செய்கின்றன. ஆனால் உள்சுவரின் பூச்சு மட்டும் கிளிஞ்சல் அரைத்துப் பூசும் நம் செட்டிநாட்டுப் பூச்சு! இன்றைய செக் நாட்டில் பிறந்தவர் வடிவமைத்து, பிரெஞ்சுக்கார அம்மாள் மேற்பார்த்த கட்டடத்தில் நம் ஊர்ச் சுவர்.

முன்அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. கேட்டு வாங்கிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். அப்பத்தாவையும் கூட்டிப் போங்கள். பூச்சு தேறுமா தேறாதா என்று ஒரு தடவு தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அன்புடன்.