களைத்தவர்களின் ஜெபம்

அன்புள்ள ஐயா,

நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். மாதத்தில் பாதி நாட்கள் இரவுப்பணி. வீட்டில் படுக்கையாகிவிட்ட மாமியாரையும் நான்தான் கவனித்துக்கொள்கிறேன். சபையில் பெண்கள் ஐக்கியத்தின் பொறுப்பும் ஓய்வுநாள் பள்ளி வகுப்பும் என்னிடம் இருக்கின்றன. சில மாதங்களாக ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தையே வருவதில்லை. பேசாமல் அமர்ந்திருக்கலாம் என்றால் தூங்கிவிடுகிறேன். அதிகாலை ஜெபத்தை விட்டதால்தான் இந்தச் சோர்வு என்கிறார் சபையின் மூத்த சகோதரி ஒருவர். பேசாமல் அமர்வது வேறு மதத்துத் தியானம், மனத்தை வெறுமையாக்குவது ஆபத்து என்கிறார் இன்னொருவர். அமைதியாக அமர்ந்திருப்பது ஜெபம் ஆகுமா? இவ்வளவு களைத்துப்போன ஒருத்தி எப்படித்தான் ஜெபிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

களைப்போடு சேர்த்து அந்தக் களைப்பையே ஒரு குற்றமாகவும் நீங்கள் சுமக்கத் தொடங்கியிருப்பது என்னை மிகவும் வருத்தியது. இரவில் வார்டையும் பகலில் மாமியாரையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் ஜெபத்தில் உறங்கிவிடுவதற்கு விசுவாசக் குறைவைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. உறக்கம் போதவில்லை, அவ்வளவுதான். அதிகாலை ஜெபம் நம் சபைகளில் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கும் நல்ல பழக்கம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் விடியவிடிய விழித்திருந்து நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிறவரிடம் அதை ஒரு கட்டளையாக வைப்பது சரியல்ல.

முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை மறுபடியும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ட அதே எலியா தீர்க்கதரிசி, ஆகாப் ராஜாவின் இரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரை ஓடிய அதே எலியா, ராணி யேசபேலின் மிரட்டலைக் கேட்டதும் பெயெர்செபாவுக்குத் தப்பியோடி, வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சொல்லிச் சாவை வேண்டுகிறார். அதற்குத் தேவன் செய்த காரியங்களின் வரிசையைத்தான் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகிறோம். கண்டிப்பு இல்லை, உபதேசமும் இல்லை. எலியா படுத்து உறங்குகிறார். தூதன் வந்து தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. தின்று குடித்தபின் மறுபடியும் படுத்துக்கொள்கிறார். யாரும் தடுக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பும்போதும் தூதன் சொல்வது, எழுந்து சாப்பிடு, போகவேண்டிய தூரம் அதிகம் என்பதைத்தான். ஓரேப் மலையில் தேவன் பேசிய அமர்ந்த மெல்லிய சத்தம் இதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடைக்கும் அப்பால்தான் வருகிறது. அந்த உறக்கத்தையும் அந்த அடையையும் தேவன் அளித்த முதல் பதிலாகவே நான் வாசிக்கிறேன். எனவே இரவுப்பணி முடிந்து வந்த காலையில் முதலில் சாப்பிடுங்கள், உறங்குங்கள். ஜெபத்தைக் கைவிட்டதாக அதை நினைக்கவேண்டாம்.

ஜெபத்தில் உறங்கிவிடுவதைப் பற்றி, வேறு சபையைச் சேர்ந்தவரானாலும் நாமும் கேட்கத் தகுந்த ஒருவரின் சாட்சி இருக்கிறது. பிரான்சின் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் 1888இல் பதினைந்து வயதில் சேர்ந்து, 1897இல் இருபத்துநான்கு வயதில் காசநோயால் மறைந்த தெரேசா, தனி ஜெப வேளைகளில் தான் பல ஆண்டுகளாக உறங்கிவிடுவதுண்டு என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அதற்காகத் தான் மனமுடையவில்லை என்றும், பிள்ளைகள் விழித்திருந்தாலும் உறங்கினாலும் பெற்றோருக்கு ஒரேபோல் பிரியமானவர்களே என்றும் அவர் சொல்கிறார். மடத்தின் கடுமையான ஒழுங்குக்குள் வாழ்ந்த ஒரு துறவியே இவ்வளவு நம்பிக்கையோடு இதைச் சொல்லியிருக்கும்போது, நீங்கள் ஏன் அஞ்சவேண்டும்?

வார்த்தை வராத நேரத்துக்கு மிகப் பழைய வழி ஒன்று உண்டு. எகிப்தின் பாலைநிலத் துறவிகளிடம் பல ஆண்டுகள் கற்று, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்செய் நகரில் மடங்களை நிறுவிய யோவான் காசியன் அதைப் பதிவுசெய்திருக்கிறார். சகாயஞ்செய்யத் தீவிரியும் என்று தேவனை அழைக்கும் 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை, வேலையிலும் பிரயாணத்திலும் படுக்கையிலும் விடாமல் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்படி அந்தத் துறவிகள் கற்பித்தார்கள். ஒரே ஒரு வசனம் போதும். உங்களுக்கு அது நீளமென்று பட்டால், “இயேசுவே, இரங்கும்” என்பது போதும். வீடு திரும்பி உண்டபின், படுப்பதற்குமுன் பத்து நிமிடம், முதுகுக்குச் சாய்மானத்தோடு நாற்காலியில் அமருங்கள். முழங்கால் போடவேண்டும் என்பதில்லை. வசனத்தை மூச்சின் போக்கிலேயே மெல்லச் சொல்லிக்கொண்டிருங்கள். வார்டில் விட்டுவந்த நோயாளியின் நினைவோ மாமியாரின் மருந்துக் கணக்கோ குறுக்கே வந்தால், அந்த நினைவையே அவரிடம் ஒப்புவித்துவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். ஐம்பது முறை மனம் ஓடினால் ஐம்பது முறை திரும்பினால் போதும், அதற்கு எந்தக் கணக்கும் வைக்கவேண்டாம். அதுவும் இயலாத நாட்களுக்கு, ஏற்றபடி வேண்டிக்கொள்ளத் தெரியாத நமக்காக ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல்செய்கிறார் என்று ரோமர் 8இல் பவுல் எழுதியிருப்பது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் என்று நம்புகிறேன்.

வெறுமையைப் பற்றிய எச்சரிக்கைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. இப்படி அமரும்போது மனத்தை நீங்கள் வெறுமையாக்கவில்லை, ஒருவருடைய முன்னிலையில் அமர்கிறீர்கள். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். எருசலேமுக்கு ஏறிச்செல்லும் யாத்திரிகர்களின் பாடல்களில் ஒன்றான 131ஆம் சங்கீதத்துக்கு மூன்றே வசனங்கள்தான். அதில் தாவீது தன் ஆத்துமாவைப் பால் மறந்த குழந்தையாகச் சொல்கிறார். பால்குடிக்கும் குழந்தை தாயின் மடியில் கிடக்கும்போது பாலைத் தேடி அழும். பால் மறந்த குழந்தைக்குத் தாய் அருகில் இருந்தாலே போதும், எதையும் கேட்பதில்லை. விண்ணப்பங்களின் நீண்ட பட்டியலோடு மட்டுமே ஜெபத்துக்குப் போகப் பழகிய நமக்கு இந்தச் சங்கீதம் அந்நியமாகத் தோன்றுவது இயல்புதான், ஆனாலும் இது நம்முடைய வேதத்தில் உள்ளது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். பத்து நிமிட அமைதியால் இரவுப்பணி குறையாது, மாமியாருக்கும் உடனே குணமாகிவிடாது. உண்ணவும் நேரமில்லாதிருந்த சீஷர்களைச் சற்றே இளைப்பாறும்படி வனாந்தரமான இடத்துக்கு இயேசு அழைத்ததை மாற்கு 6இல் வாசிக்கிறோம். அவர்கள் போய்ச் சேரும்முன்னே ஜனங்கள் அங்கே வந்துவிட்டார்கள். இயேசு அவர்கள்மேல் மனதுருகி, போதித்து, அப்பம் கொடுத்து அனுப்பினார். அதன்பின்தான் ஜெபிக்க மலைக்கு ஏறினார். உங்கள் பத்து நிமிடத்தின் நடுவிலும் மாமியார் கூப்பிடுவார். எழுந்து போங்கள், முடிந்தால் திரும்பி வந்து அமருங்கள்.

ஓரேபில் கேட்ட அந்த மெல்லிய சத்தம் எலியாவிடம் என்ன சொன்னது என்பதும் உங்களுக்குத் தேவை. நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று முறையிட்டவருக்கு, பாகால் என்னும் அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்றும், எலிசாவை உன் ஸ்தானத்தில் அபிஷேகம்பண்ணு என்றும் பதில் வந்தது. ஆகவே பெண்கள் ஐக்கியத்தின் பொறுப்பையாவது ஓய்வுநாள் பள்ளி வகுப்பையாவது இந்த ஆண்டு வேறொருவரிடம் ஒப்படையுங்கள். ஆயரிடம் நேரிலேயே பேசுங்கள், உங்கள் கடிதத்தில் எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள். வாரத்தில் ஓர் இரவாவது உங்கள் கணவரோ நாத்தனாரோ மாமியாருக்குத் துணையிருக்கட்டும். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே சோர்வைத் தரும் என்று செவிலியரான உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை; பிறருக்குச் சொல்லும் பரிசோதனையை நீங்களும் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். உறங்கினாலும் நீங்காமல், எதிலும் பிடிப்பில்லாத நிலை வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யார் எந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்